ஃபீலிக்ஸ் பூனை யாருடைய பூனை?

ஃபீலிக்ஸ் பூனையை உருவாக்கியவர் யார் என்று சிட்னியில் கேட்டால் பேட் சல்லிவன் என்பார்கள். நியூயார்க்கில் கேட்டால் ஓட்டோ மெஸ்மர் என்பார்கள். முன்னவர் 1933இலும் பின்னவர் 1983இலும் காலமாகிவிட்டார்கள். மிக்கி மவுஸ் திரைக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1919 நவம்பரில், ஒரு சிறு ஊமைப் படத்தில் தோன்றிய இந்தக் கறுப்புப் பூனை, 1923இல் நாளிதழ் வரைகதைக்குள் நுழைந்து, 1940களில் காமிக்ஸ் புத்தகங்களின் நாயகனாகி, இன்றும் சட்டைகளிலும் பைகளிலும் சிரித்துக்கொண்டிருக்கிறது. நூறு ஆண்டுகளைக் கடந்த பின்னும் அதற்குத் தகப்பன் யார் என்ற வழக்கு முடியவில்லை.

இந்த வழக்கில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் வளர்ந்த என்னைப் போன்ற பலருக்குத் தமிழ் காமிக்ஸ் என்பது ஊரிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டியில் வேட்டிக்கும் முறுக்கு டப்பாவுக்கும் இடையில் வந்துசேர்ந்த சிவகாசிப் புத்தகங்கள்தான். 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட இரும்புக்கை மாயாவியைப் பெயர் சொல்லிக் கொண்டாடிய நாங்கள், அவனை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் என்பதைப் பெரியவர்களான பிறகே அறிந்தோம். அதில் சிவகாசிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கதை முதலில் வெளியான பிரிட்டிஷ் வார இதழே ஓவியர்களின் பெயரை அச்சிடும் வழக்கம் கொண்டதல்ல. வருடக்கணக்கில் ஒருவருடைய கோடுகளோடு வாழ்ந்துவிட்டு அவருடைய பெயர்கூடத் தெரியாமல் இருந்தது என்னை இன்றும் உறுத்துகிறது. ஃபீலிக்ஸின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு அந்த உறுத்தலே காரணம்.

முதலில், சர்ச்சைக்கு இடமில்லாதவற்றை வரிசைப்படுத்திக்கொள்வோம். பேட்ரிக் சல்லிவன் சிட்னியில் பிறந்து, லண்டன் வழியாக அமெரிக்கா சென்று, நாளிதழ் வரைகதை ஓவியர் வில்லியம் மாரினரிடம் உதவியாளராக இருந்தவர். 1914இல் மாரினர் இறந்த பிறகு அசைவூட்டப் படங்களின் பக்கம் திரும்பி, நியூயார்க்கில் சொந்தமாக ஒரு ஸ்டுடியோவைத் தொடங்கினார். நியூஜெர்சியில் 1892இல் பிறந்த ஓட்டோ மெஸ்மர் 1916 வாக்கில் அந்த ஸ்டுடியோவில் சேர்ந்தார். 1917இல், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை வன்புணர்ந்த குற்றத்துக்காகச் சல்லிவன் தண்டிக்கப்பட்டு ஒன்பது மாதங்கள் சிறையில் இருந்தார். மெஸ்மர் படையில் சேர்க்கப்பட்டு முதல் உலகப் போருக்காக பிரான்ஸ் சென்றார். இருவரும் மீண்டும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யத் தொடங்கிய 1919ஆம் ஆண்டில், பாரமவுண்ட் நிறுவனம் சிறு படங்களைத் தொகுத்துத் திரையரங்குகளுக்கு அனுப்பிய திரை இதழ் ஒன்றின் பகுதியாக 'ஃபீலைன் ஃபாலீஸ்' என்ற படம் வெளியானது. அதில் வரும் பூனையின் பெயர் மாஸ்டர் டாம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த மூன்றாவது படத்தில்தான் அதற்கு ஃபீலிக்ஸ் என்ற பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைச் சூட்டியவர் பாரமவுண்டைச் சேர்ந்த ஜான் கிங். ஆக, தகப்பன் யார் என்பதில் சண்டை உண்டே தவிர, பெயர் வைத்தவர் யார் என்பதில் இல்லை.

எல்லாப் படங்களிலும் இருந்த பெயர் பேட் சல்லிவனுடையது. வரைகதைகளின் மூலையில் இருந்த கையெழுத்தும் அவருடையதே. ஸ்டுடியோ அவருடையது, உரிமையும் அவருடையது. ஊழியர்களின் பெயரைப் போடுவது அந்தக் காலத்து ஸ்டுடியோக்களின் வழக்கமும் அல்ல. ஆகவே அவர் வாழ்ந்த காலம் முழுவதும் உலகம் அறிந்த ஒரே படைப்பாளி அவர்தான். 1925இல் மெல்பர்ன் நகரின் 'தி ஆர்கஸ்' நாளிதழில் வெளியான அவருடைய கூற்றின்படி, ஒருநாள் மனைவி ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்த பூனையைப் பார்த்தபோது இந்த எண்ணம் தோன்றியது. வேறு சில சமயங்களில், தனியே நடந்த பூனையைப் பற்றிய கிப்ளிங்கின் கதையே தூண்டுதல் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பழைய ஆஸ்திரேலிய நாளிதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் மின்னிலக்கமாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதால், சிங்கப்பூரில் அமர்ந்தபடியே அக்காலப் பக்கங்களைப் புரட்ட முடிகிறது. அவற்றில் தெரியும் சல்லிவன், சொந்த மண்ணிலிருந்து புறப்பட்டுப்போய் வெளிநாட்டில் பெயர் வாங்கிய பிள்ளை. அந்தப் பெருமிதத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; கடல் கடந்து வந்த சமூகத்தில் பிறந்தவளுக்கு அது நன்றாகவே புரியும். ஆனால், ஒரே பிறப்புக்கு ஒருவரே இரண்டு கதைகள் சொல்லும்போது, அவை நினைவிலிருந்து வந்தவையா, பேட்டி எடுக்க வந்தவருக்காகச் சொல்லப்பட்டவையா என்று கேட்காமல் இருக்க முடியாது.

மெஸ்மர் சொன்னது இதைவிட எளிமையானது. பாரமவுண்டின் திரை இதழுக்குப் படங்கள் குறித்த நேரத்தில் வந்துசேரவில்லை. இடத்தை நிரப்ப ஒரு படம் அவசரமாகத் தேவைப்பட்டது. சல்லிவனுக்குக் கைநிறைய வேலை இருந்ததால், விரும்பினால் தனியாக ஏதேனும் செய்து கொடு என்று மெஸ்மரிடம் விட்டுவிட்டார். பூனைதான் எளிது என்று மெஸ்மர் முடிவு செய்தார். முழுக்கக் கறுப்பாக வரைந்துவிட்டால் வெளிக்கோடுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான ஓவியங்களைக் கையால் வரைந்து ஒவ்வொன்றாகப் படம்பிடிக்க வேண்டியிருந்த ஒருவர் சொல்லக்கூடிய காரணம் இது. மனைவி கொண்டுவந்த பூனையும் கிப்ளிங்கின் பூனையும் கேட்க இனிமையாக இருக்கின்றன. மெஸ்மரின் பூனையோ மேசையருகே உட்கார்ந்து முதுகு வலிக்க வரைந்தவரின் பூனையாக இருக்கிறது. இதை முடிவான சாட்சியமாக நான் வைக்கவில்லை. ஆனால் அந்தக் காரணத்தில் தொழிலின் வாசம் இருக்கிறது.

மெஸ்மர் தரப்பின் பலவீனம் காலம். அவர் இதையெல்லாம் பொதுவெளியில் சொல்லத் தொடங்கியது 1960களுக்குப் பிறகு. அப்போது சல்லிவன் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மறுத்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் சொல்லப்படும் கதையைச் சந்தேகத்தோடு அணுகுவது நியாயமே. ஆனால் அவர் மட்டும் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் உடன் வேலை செய்த ஹால் வாக்கர், அல் யூக்ஸ்டர் போன்றவர்களும், சல்லிவனின் வழக்கறிஞராக இருந்த ஹாரி காப்பும்கூட மெஸ்மரையே படைப்பாளி என்றார்கள். அசைவூட்டக் கலைஞரும் வரலாற்றாசிரியருமான ஜான் கேன்மேக்கர் 1977இல் மெஸ்மரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்து, 1991இல் ஃபீலிக்ஸின் வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதிய பிறகு, இந்தத் துறையினரில் பெரும்பாலோர் மெஸ்மரின் பக்கம் நின்றார்கள்.

அதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வந்தது. 2004இல் அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி ஒரு நிகழ்ச்சியிலும், 2005இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் ஒரு கண்காட்சியிலும் சல்லிவனின் உரிமையை மீண்டும் எடுத்துவைத்தன. அவர்கள் முன்வைத்தவற்றில் மூன்று முக்கியமானவை. 'ஃபீலைன் ஃபாலீஸ்' படத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் எழுத்துகள் சல்லிவனின் கையெழுத்தோடு ஒத்துப்போகின்றன. அதில் ஒரு பூனைக்குட்டியின் பேச்சுக் குமிழில் தாயை விளிக்கும் சொல், அமெரிக்கர் எழுதும் 'மாம்' ஆக இல்லாமல் ஆஸ்திரேலியர் எழுதும் 'மம்' ஆக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1917 மார்ச்சிலேயே சல்லிவன் ஸ்டுடியோ 'தாமஸ் கேட்' என்ற பூனையைப் பற்றி ஒரு படம் வெளியிட்டிருக்கிறது; அதுவே ஃபீலிக்ஸின் முன்னோடி.

இவற்றைப் படித்தபோது முதல் இரண்டும் என்னை அசைத்தன. அந்தச் சமயத்தில் என் பெரியப்பாவுக்கு 'ஃபீலைன் ஃபாலீஸ்' படத்தைக் கணினியில் போட்டுக் காட்டினேன். அவர் இளவயதில் தேக்காவுக்கு அருகில் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் வேலை பார்த்தவர். சினிமா பேனர்களுக்கு வண்ணம் தீட்டியவர். தோ பாயோவில் உள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் கூடத்தில், கண்ணாடியை மேலே தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். எழுத்தைப் பற்றிய வாதத்தை நான் விளக்கியதும் தலையை ஆட்டினார்.

"எழுத்து எழுதுறவரு ஒருத்தரு, உருவம் போடுறவரு ஒருத்தரும்மா. எங்க கடையில எழுத்து முழுக்க முதலாளி கையிதான். எம்ஜிஆர் முகம் போட்டது யாருன்னு கீழ எழுதியிருக்கிற எழுத்தப் பாத்து எப்படிச் சொல்லுவ?"

"அப்ப எதப் பாத்துச் சொல்றது, பெரியப்பா?"

"கையப் பாரு. காதப் பாரு. முகத்த எல்லாரும் ஒழுங்காப் போடுவாங்க, ஜனங்க பாக்கிறது அதத்தானே. யாரும் பாக்காத இடத்துலதான் அவனவன் கை தெரியும்."

பேனரின் கீழ்மூலையில் யாருடைய பெயர் போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. அவர் சொன்னது எழுத்து பற்றிய வாதத்தை அதற்குரிய அளவில் நிறுத்திவிட்டது. படத்தின் எழுத்துகளைச் சல்லிவன் எழுதியிருந்தால், அவர் அந்தப் படத்தில் கைவைத்திருக்கிறார் என்று பொருள். எல்லாவற்றையும் நானே தனியாகச் செய்தேன் என்று மெஸ்மர் சொன்னதில் அது ஒரு கீறலை ஏற்படுத்துகிறது; அதை மறைக்கக் கூடாது. ஆனால் பூனையை நடக்கவைத்தவர் யார் என்பதற்கு அது விடையல்ல.

பெரியப்பா சொன்னபடி முகத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்த்தேன். 'ஃபீலைன் ஃபாலீஸ்' கதை இதுதான்: மாஸ்டர் டாம் தன் காதலியைச் சந்திக்கப் போன நேரத்தில் எலிகள் வீட்டைச் சூறையாடிவிடுகின்றன, எஜமானி அவனைத் துரத்திவிடுகிறாள், காதலியிடம் ஓடினால் அங்கே அவனுக்காக ஒரு படை குட்டிகள் காத்திருக்கின்றன, மனமுடைந்த டாம் எரிவாயுவைச் சுவாசித்து உயிரை விடுகிறான். குழந்தைகளுக்கான படம் என்று இன்று நினைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு இந்த முடிவு அதிர்ச்சியளிக்கும். என் கண் நின்ற இடம் வேறு. டாம் காதலிக்காக வாசிக்கும்போது இசைக்குறிகள் காற்றில் கறுப்புப் புள்ளிகளாக மிதந்து வருகின்றன. அவற்றைப் பறித்து, சக்கரங்களாக்கி, வண்டி செய்து, இருவரும் ஏறி ஓட்டிப்போகிறார்கள். தாளில் இருக்கும் ஒரு கோடு எதுவாகவும் மாறலாம் என்ற இந்த எண்ணம்தான் அடுத்த பத்து ஆண்டுகளின் ஃபீலிக்ஸ். அவனுடைய வால் கழன்று கேள்விக்குறியாகும், கைத்தடியாகும், தேவைப்பட்டால் கருவியாகும். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முன்னும் பின்னும் நடந்து யோசிப்பான். விடை கிடைத்ததும் உடல் முழுவதும் நிமிரும். ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு மனம் வேலை செய்வதை நாம் பார்க்கிறோம்.

அந்த நடை எங்கிருந்து வந்தது? இங்கே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. ஃபீலிக்ஸுக்கு முன்பு அதே ஸ்டுடியோ சார்லி சாப்ளினை வைத்து அசைவூட்டப் படங்களைத் தயாரித்தது. அதில் முக்கியமாக உழைத்தவர் மெஸ்மர். சாப்ளின் தன்னுடைய பல்வேறு தோற்றங்களில் எடுத்த புகைப்படங்களை அனுப்பிவைத்ததாகவும், அவருடைய அசைவுகளைத் தாம் நுணுகிக் கற்றதாகவும் மெஸ்மர் கூறியிருக்கிறார். சாப்ளினின் தோள் குலுக்கலும், திரும்பி நின்று யோசிக்கும் பாவனையும், துயரத்தைச் சிரிப்பின் விளிம்பில் நிறுத்தும் விதமும் ஃபீலிக்ஸிடம் இருப்பதை யாரும் பார்த்துவிடலாம். பூனை உருவம் அக்காலத்தில் புதிதல்ல. ஜார்ஜ் ஹெரிமனின் 'கிரேஸி கேட்' 1913லிருந்தே தனி வரைகதையாக வந்துகொண்டிருந்தது. புதிதாக இருந்தது அதன் நடிப்பு. அந்த நடிப்பைக் கற்ற கை யாருடையது என்று கேட்டால், சான்றுகள் மெஸ்மரையே காட்டுகின்றன.

இனி, தாமஸ் கேட். சல்லிவன் தரப்பின் மிக வலுவான சான்றாக வைக்கப்படுவது இதுதான். எனக்கோ இதுவே மிகப் பலவீனமானதாகத் தெரிகிறது. காப்புரிமைப் பதிவுக்காக எழுதப்பட்ட கதைச் சுருக்கம் மட்டும் தப்பியிருக்கிறது. அதன்படி தாமஸ் மனிதத்தன்மை ஏற்றப்படாத ஒரு சாதாரணப் பூனை. சேவலோடு நடந்த சண்டையில் வாலை இழக்கிறது. இழந்த வால் திரும்பக் கிடைப்பதில்லை. வாலையே வாழ்க்கையாகக் கொண்ட ஃபீலிக்ஸுக்கு இதைவிட எதிரான ஒரு பூனையைக் கற்பனை செய்வது கடினம். இன்னொன்றும் உண்டு, அதை இரு தரப்பினரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். மெஸ்மர் 1916 வாக்கிலேயே அந்த ஸ்டுடியோவில் இருந்தார். 1917இல் அங்கிருந்து ஒரு பூனை வெளிவந்தது என்பதால் மட்டும் அது சல்லிவனின் கையிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது. அந்தப் பூனையே ஃபீலிக்ஸின் பாட்டன் என்று ஒப்புக்கொண்டாலும், வழக்கு தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

சல்லிவனின் சிறைவாசத்தை இந்த வழக்கில் சான்றாக இழுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் செய்தது கொடுங்குற்றம். அதைப் பூசிமெழுகும் வாழ்க்கைக் குறிப்புகள் அந்தச் சிறுமிக்கு இரண்டாவது அநீதியைச் செய்கின்றன. ஆனால் கெட்டவரால் பூனை வரைய முடியாது என்பது வாதமாகாது. அமைதியானவர், பணிவானவர் என்று மெஸ்மரைப் புகழ்ந்துவிட்டு, ஆகவே அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று முடிப்பதும் அப்படித்தான்.

சட்டைகளில் நாம் பார்க்கும் உருண்டைத் தலையும் பெரிய கண்களும் கொண்ட ஃபீலிக்ஸ், இந்த இருவரில் எவருடைய வடிவமும் அல்ல. 1919இன் பூனைக்குக் கூர்மூக்கும் கோணலான உடலும் இருந்தன. 1920களின் முற்பகுதியில் பில் நோலன் என்ற கலைஞர் அதை உருண்டையாக்கினார். உருண்டையை வரைவது வேகமானது, பார்க்கவும் கொஞ்சத் தோன்றும். பிறகு 1958இல் தொலைக்காட்சிக்காக ஜோ ஒரியோலோ ஒரு மந்திரப் பையைக் கொடுத்தார். வாலால் எல்லாவற்றையும் சாதித்த பூனைக்குப் பை எதற்கு என்பது என் தனிப்பட்ட மனக்குறை.

1928க்குப் பிறகு நடந்தவை விரைவாகச் சொல்லிவிடக்கூடியவை. பேசும் படங்கள் வந்தபோது சல்லிவன் ஒலிக்கு மாறத் தயங்கினார். மிக்கி மவுஸ் முந்திக்கொண்டது. 1932இல் அவருடைய மனைவி மார்ஜரி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். மறு ஆண்டே குடியால் நலிந்திருந்த சல்லிவனும் இறந்தார். ஸ்டுடியோவின் கணக்குகள் சீர்குலைந்திருந்தன, ஸ்டுடியோ மூடப்பட்டது. 1930களின் நடுவில் வான் பியூரன் நிறுவனம் ஃபீலிக்ஸை வண்ணத்தில் மீண்டும் எடுக்க விரும்பியபோது, அனுமதி தரும் அதிகாரம் சல்லிவனின் சகோதரரிடம் இருந்தது. அந்தப் படங்களை இயக்க அழைக்கப்பட்ட மெஸ்மர் மறுத்து, பழைய சக ஊழியரான பர்ட் ஜில்லட்டைப் பரிந்துரைத்தார். உரிமை சிட்னிக்காரரின் குடும்பத்துக்கும் உழைப்பு நியூஜெர்சிக்காரருக்கும் என்று பிரிந்துபோனதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. மெஸ்மர் 1950களின் நடுப்பகுதி வரை ஃபீலிக்ஸின் வரைகதைகளையும் காமிக்ஸ் புத்தகங்களுக்கான கதைகளையும் வரைந்துகொண்டிருந்தார். இடையில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் மின்விளக்குகளால் அசையும் பெரிய விளம்பரங்களையும் வடிவமைத்தார். அங்கேயும் அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

மாரினரிடம் உதவியாளராக இருந்த காலத்தில் சல்லிவனின் கோடுகளும் வேறொருவர் பெயரில்தான் அச்சேறின என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்தும் செய்தி. உதவியாளராக இருப்பதன் வலியை அறிந்தவர், முதலாளியானதும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார். அதைத் தனிமனிதரின் சூழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். தொழிலே அப்படித்தான் நடந்தது. தொழில் அப்படி நடந்ததாலேயே மூலையில் இருக்கும் கையொப்பத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்பதும் உண்மை.

எனவே, ஃபீலிக்ஸின் படத்துக்குக் கீழே நான் எழுத வேண்டியிருந்தால், உருவாக்கியவர் ஓட்டோ மெஸ்மர் என்றும், தயாரிப்பு பேட் சல்லிவன் ஸ்டுடியோ என்றும் எழுதுவேன். சல்லிவனின் பெயரை நீக்கமாட்டேன். அவருடைய ஸ்டுடியோ இல்லாமல் அந்தப் பூனை திரைக்கு வந்திருக்காது. படத்தின் எழுத்துகள் அவருடையவையாகவும் இருக்கலாம். இரு பெயர்களையும் ஒரே வரியில் இணைத்து, இருவரும் சேர்ந்து படைத்தார்கள் என்று எழுதும் இன்றைய வழக்கமும் எனக்கு ஏற்புடையதல்ல. அது சமரசமே தவிர விடையல்ல. தாமஸ் கேட் படச்சுருள் எங்கேனும் ஒரு பழைய பெட்டியிலிருந்து வெளிவந்து, அந்தப் பூனை கறுப்பாக இருந்து, நிமிர்ந்து நடந்து, யோசித்தும் காட்டுமானால், இந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதுவேன். அப்படியே வெளிவந்தாலும், அதை 1917இல் வரைந்தது யார் என்பதைச் சேவலிடம் வாலை இழக்கும் அந்தக் காட்சியில்தான் தேட வேண்டியிருக்கும்.